மாடியில் சாப்பாடு, கீழே சுவர்: ஒரு கடலோரக் கட்டடத்தின் நூறு வருடம்

சான் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பூங்கா மேற்கே நீண்டுகொண்டே போய்க் கடலுக்கு எதிரே முடியும். அந்த முனையில் பீச் ஷாலே என்று ஒரு கட்டடம் இருக்கிறது. கீழ்த்தளத்தில் பூங்காவைப் பற்றிய தகவல் மையம், மாடியில் பசிபிக்கைப் பார்த்தபடி உணவகம் என்பதுதான் 1996 கடைசியில் அங்கே வந்த ஏற்பாடு. மாடிப்படி ஏறும்போது கைப்பிடியைப் பிடித்தால் வழுவழுவென்று ஏதோ தட்டுப்படும். குனிந்து பார்த்தால் ஆக்டோபஸ். கூடவே கப்பல், கடற்கன்னி, இன்னும் என்னென்னவோ கடல் பிராணிகள். எல்லாம் மக்னோலியா மரத்தில் செதுக்கியவை. செய்தவர் மைக்கேல் வான் மேயர் என்ற சிற்பி. பசியோடு வருகிறவர்கள் இதையெல்லாம் பார்க்காமல் விறுவிறுவென்று ஏறிவிடுவார்கள். வயிறு நிரம்பி இறங்கும்போதுதான் கண் திறக்கும்.

முதலில் பெயரைச் சொல்லிவிடுகிறேன். ஷாலே என்றால் சுவிட்சர்லாந்து மலைகளில் இருக்கும் மரவீடு. இந்தக் கட்டடத்துக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. வெள்ளைச் சுவர், சிவப்பு ஓட்டுக்கூரை, முன்பக்கம் பருத்த தூண்களின் மேல் அரைவட்ட வளைவுகள் என்று அப்பட்டமான ஸ்பானிய பாணி. சாலைக்கு அந்தப் பக்கம், கடலை ஒட்டி, இதே பெயரில் முன்பு ஒரு கட்டடம் இருந்தது. அது போய்விட்டது, பெயர் மட்டும் சாலையைக் கடந்து இந்தப் பக்கம் வந்து ஒட்டிக்கொண்டது.

இன்றைய கட்டடம் திறக்கப்பட்டது 1925இல். செலவு சுமார் 60,000 டாலர். வரைபடம் போட்டவர் வில்லிஸ் போல்க் என்ற கட்டடக் கலைஞர். ஆனால் அதன் திறப்பை அவர் பார்க்கவில்லை, 1924இலேயே இறந்துவிட்டார். போல்க் சாதாரண ஆள் இல்லை. 1918இல் சட்டர் தெருவில் அவர் கட்டிய ஹாலிடி கட்டடத்தின் முகப்பு முழுக்கக் கண்ணாடி. இன்று உலகம் முழுக்க நிற்கும் கண்ணாடிக் கட்டடங்களின் முன்னோடிகளில் ஒன்றாக அதைச் சொல்கிறார்கள். ஃப்ரீமான்ட் பக்கம் இருக்கும் தமிழர்கள் பக்கத்தில் உள்ள சுனோல் என்ற ஊரில் ஒரு ரோமானியக் கோயில் மாதிரி வட்டமாக நிற்கும் தண்ணீர் மண்டபத்தைப் பார்த்திருப்பார்கள், அதுவும் அவர் வரைந்ததுதான். இப்படிப்பட்டவர் தன் கடைசி நாட்களில் வரைந்தது கடலில் குளிக்கிறவர்கள் துணி மாற்ற ஒரு இடம்.

ஆமாம், கட்டடத்தின் முதல் வேலை அதுதான். கீழே உடை மாற்றும் அறைகளும் உட்கார ஒரு கூடமும், மேலே சுமார் 200 பேர் சாப்பிடக்கூடிய நகராட்சி உணவகம். குளித்துவிட்டு வா, துணி மாற்று, மேலே போய்ச் சாப்பிடு என்பது திட்டம். காகிதத்தில் அழகான திட்டம். நடைமுறையில் ஒரு சிக்கல்: அந்தக் கடலில் குளிக்க முடியாது. வருடம் முழுக்கத் தண்ணீர் பெரும்பாலும் 10இலிருந்து 15 டிகிரி செல்சியஸுக்குள்தான் இருக்கும். கரையிலிருந்து உள்ளே இழுத்துப்போகும் நீரோட்டம் வேறு. கோடைக்காலம் என்று நம்பிப் போனால் மூடுபனி வந்து பத்தடி தூரம்கூடத் தெரியாமல் செய்துவிடும். மெரினாவில் கால் நனைத்துப் பழகியவர்கள் அங்கே போய் முழங்கால் வரை இறங்கிப் பார்த்தால், அடுத்த நிமிடம் கரையில் இருப்பார்கள். உடை மாற்றும் அறைகளுக்கு எதிர்காலம் இல்லை என்பது அந்தத் தண்ணீரிலேயே எழுதியிருந்தது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. 1925 என்பது அமெரிக்காவில் மதுவிலக்குக் காலம். 1920இல் தொடங்கி 1933 வரை நாடு முழுக்கச் சட்டப்படி சாராயம் கிடையாது. கடலைப் பார்த்த மாடி உணவகம் திறந்தபோது சாப்பாட்டோடு ஒரு கோப்பை பியர்கூடக் கொடுத்திருக்க முடியாது. அதே மாடியில் எழுபது வருடம் கழித்துப் பியர் காய்ச்சும் தொட்டிகளையே கொண்டுவந்து வைத்தார்கள்.

இந்தக் கட்டடம் எப்படித் தப்பித்தது என்ற கேள்விக்கு வருவோம். எனக்கு இதில் ஆர்வம் வந்ததே அந்தக் கேள்வியால்தான். 1925இல் அந்தக் கடற்கரையில் பீச் ஷாலே ஒரு சின்ன ஆள். வடக்கே பாறை மேல் கிளிஃப் ஹவுஸ். அதை ஒட்டி, அடோல்ஃப் சுட்ரோ என்ற செல்வந்தர் 1896இல் திறந்த பிரமாண்டமான குளியல் மண்டபம். கண்ணாடிக் கூரைக்குக் கீழே ஏழு குளங்கள், ஆயிரக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் உள்ளே இருக்கலாம். அதற்கும் பீச் ஷாலேவுக்கும் நடுவே, பின்னாளில் பிளேலேண்ட் என்று பெயர் பெற்ற பொழுதுபோக்குப் பூங்கா, ராட்டினமும் ரோலர் கோஸ்டருமாக. ஞாயிற்றுக்கிழமை கூட்டம் எல்லாம் அங்கேதான். இன்று? சுட்ரோ மண்டபத்தை இடித்து அடுக்குமாடி வீடுகள் கட்டப் போகிறோம் என்று வேலை தொடங்கிய நேரத்தில், 1966இல், தீப்பிடித்து முடிந்துவிட்டது. மிச்சம் இருப்பது கடலோரத்தில் சில சிமென்ட் சுவர்களும் தேங்கிய தண்ணீரும்தான். பிளேலேண்ட் 1972இல் மூடப்பட்டது, அந்த இடத்தில் இப்போது குடியிருப்புகள். கிளிஃப் ஹவுஸ் கட்டடம் மட்டும் நிற்கிறது. அதற்கும் காரணம், 1977இல் தேசியப் பூங்காத் துறை அதை வாங்கிவிட்டது. உள்ளே பல காலம் நடந்த உணவகம் 2020 கடைசியில் மூடினாலும் கட்டடத்தை யாரும் இடிக்கவில்லை.

கவனித்துப் பார்த்தால் ஒரு விஷயம் தெரிகிறது. தனியார் கையில் இருந்து, நிறையக் கூட்டம் சேர்த்தவை எல்லாம் போய்விட்டன. அவற்றின் காலுக்குக் கீழே இருந்த நிலம் அவற்றைவிட விலை உயர்ந்ததும் கதை முடிந்தது. பீச் ஷாலே நின்ற நிலம் பூங்காவுடையது. பூங்கா நகரத்துடையது. லாபம் வந்தாலும் வராவிட்டாலும் அந்த நிலத்தில் அடுக்குமாடி வராது. பழைய கட்டடங்களைக் காப்பாற்றுவது மக்களின் பாசம் என்று நாம் சொல்லிக்கொள்வோம். இங்கே பாசத்தைவிடப் பட்டாதான் அதிகம் வேலை செய்திருக்கிறது என்பது என் கணிப்பு.

நிலம் ஒரு காரணம் என்றால், இன்னொரு காரணம் கீழ்த்தளத்துச் சுவரில் இருக்கிறது.

1930களின் பொருளாதார வீழ்ச்சியில் கோடிக்கணக்கான பேருக்கு வேலை போயிற்று. ரூஸ்வெல்ட் அரசு 1935இல் தொடங்கிய வேலைத் திட்டம் சாலை, பாலம், பள்ளிக்கூடம் கட்டியதோடு நிற்காமல், ஓவியர்களையும் சிற்பிகளையும் கூலிக்கு வைத்துக்கொண்டது. கொத்தனாருக்குச் சம்பளம் என்றால் ஓவியனுக்கும் சம்பளம், அவ்வளவுதான் கணக்கு. அந்தத் திட்டத்தின் கீழ் 1936-37இல் பீச் ஷாலேயின் கீழ்த்தளச் சுவர்களை வரைய வந்தவர் லூசியன் லபோ. பாரிசில் பிறந்து, 1910 வாக்கில் சான் பிரான்சிஸ்கோ வந்தவர். தொழில்முறையில் பெண்களுக்கான உடை வடிவமைப்பாளர், ஓவியம் தானாகக் கற்றுக்கொண்டது. இரண்டு வருடம் முன்னால் டெலிகிராஃப் குன்றின் மேல் இருக்கும் காய்ட் கோபுரத்தில், வளைந்து ஏறும் குறுகலான படிக்கட்டின் சுவரில் பவல் தெருவை வரைந்திருந்தார். இங்கே அவருக்குக் கிடைத்தது சுமார் 1,500 சதுர அடி.

வரைந்த முறைதான் முக்கியம். இது காய்ந்த சுவரில் பெயின்ட் அடிக்கிற வேலை இல்லை. ஃப்ரெஸ்கோ என்ற முறையில், நீர்த்த சுண்ணாம்பும் மணலும் கலந்த சாந்தைச் சுவரில் பூசி, அது ஈரமாக இருக்கும்போதே தண்ணீரில் குழைத்த நிறத்தைத் தீட்ட வேண்டும். சுண்ணாம்பு காற்றில் உள்ள கார்பன் டை ஆக்சைடை இழுத்துக்கொண்டு மறுபடி கல்லாக இறுகும்போது, நிறத்தையும் தனக்குள் பூட்டிக்கொள்ளும். பசை வேண்டாம், எண்ணெய் வேண்டாம். ஆனால் அவகாசம் சில மணி நேரம்தான். அதனால் அன்றைக்கு எவ்வளவு வரைய முடியுமோ அவ்வளவுக்கு மட்டும் சாந்து பூசுவார்கள். ஒரு முகம், ஒரு கை, கொஞ்சம் வானம். தப்பு செய்தால் அழிக்க முடியாது, அந்தப் பகுதிச் சாந்தையே பெயர்த்துவிட்டு மறுபடி பூச வேண்டும். பக்கவாட்டில் வெளிச்சம் விழும்போது இப்படிப்பட்ட சுவர்களில் ஒரு நாள் வேலைக்கும் மறுநாள் வேலைக்கும் நடுவே இருக்கும் மெல்லிய ஒட்டுக்கோடு தெரியும். தையல் தெரிந்தவர் அந்த வேலையில் இறங்கியது பொருத்தம்தான், துண்டு துண்டாக வெட்டி ஒட்டுத் தெரியாமல் சேர்ப்பது அவருக்குக் கைவந்த கலை.

இதன் விளைவு என்ன? ஓவியம் சுவரில் மாட்டியது இல்லை, ஓவியம்தான் சுவர். கழற்றிக்கொண்டு போய் அருங்காட்சியகத்தில் வைத்துவிட்டுக் கட்டடத்தை இடிக்கலாம் என்ற பேச்சு எளிதில் எடுபடாது.

என்ன வரைந்தார்? நகரத்தின் ஓய்வு நேரத்தை. மீன்பிடித் துறை, கடற்கரை, பூங்கா, நகர மையம் என்று நான்கு சுவர்களிலும் ஊர் சுற்றுகிறது. ஆட்கள் சாப்பிடுகிறார்கள், வெயில் காய்கிறார்கள், குதிரை ஓட்டுகிறார்கள். காய்ட் கோபுரத்தில் வேறு ஓவியர்கள் வரைந்தவை 1934இல் பெரிய ரகளையைக் கிளப்பின. துறைமுக வேலைநிறுத்தம் நடந்துகொண்டிருந்த நேரம். சுத்தியலும் அரிவாளும் ஒரு சுவரில் தெரிகிறது என்று கோபுரத்தைத் திறப்பதையே தள்ளிப்போட்டார்கள், அந்தச் சின்னமும் காணாமல் போயிற்று. லபோவின் சுவர்களில் அப்படி எதுவும் இல்லை. ரொட்டிக்கு வரிசையில் நிற்கும் கூட்டமும் இல்லை. நாடு பட்டினி கிடந்த வருடங்களில் இவர் பிக்னிக் வரைந்திருக்கிறாரே என்று முதலில் எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. அப்புறம் யோசித்தால், வேலை போனவனும் ஞாயிற்றுக்கிழமை கடற்கரைக்கு வரத்தான் செய்வான். காசு கொடுக்காமல் கிடைப்பது அது ஒன்றுதானே. அந்தச் சுவரில் இருப்பவர்களில் யாருக்கு வேலை இருந்தது, யாருக்கு இல்லை என்று படத்தை வைத்துச் சொல்ல முடியாது.

முகங்களில் பல நிஜ மனிதர்களுடையவை. லபோ தன் நண்பர்களையும் ஊர்ப் பெரியவர்களையும் கூட்டத்துக்கு நடுவே உட்கார்த்திவிட்டார். அவர்களில் ஒருவர் ஜான் மெக்லாரன், ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். வெறும் மணல்மேடாக இருந்த ஆயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தைப் பச்சைப் பூங்காவாக மாற்றியதில் பெரும்பங்கு இவருடையது. ஸ்காட்லாந்துக்காரர், அரை நூற்றாண்டுக்கு மேல் பூங்காவின் கண்காணிப்பாளர், 1943இல் இறக்கும் வரை பதவியில் இருந்தவர். இவருக்குச் சிலைகளைக் கண்டால் ஆகாது. யாராவது பணக்காரர் பூங்காவில் சிலை வைத்தால், அதைச் சுற்றி அடர்த்தியான செடிகளை நட்டு வளர்த்து மறைத்துவிடுவாராம். அவரைச் சுவரில் நிரந்தரமாக வரைந்துவிட்டார்கள், அதற்கு முன்னால் செடி நட வழியில்லை. அதே காட்சியில் வேர்மண்ணோடு ஒரு ரெட்வுட் மரக் கன்றைத் தூக்கிக்கொண்டு நிற்கும் இளைஞர் ஜாக் ஸ்பிரிங். அன்று பூங்காத் தொழிலாளி, பின்னாளில் பூங்காத் துறையின் தலைமைப் பொறுப்புக்கே வந்தார். சொல்லக் கேட்கும்போது சினிமாக் கதை மாதிரி இருக்கிறது.

ஈரச் சாந்து காய்ந்து நான்கைந்து வருடம்கூட ஆகியிருக்காது, போர் வந்தது. பசிபிக் கரையில் ஜப்பான் தாக்கும் என்ற பயம். கடலைப் பார்த்த ஜன்னல் உள்ள எந்தக் கட்டடமும் அப்போது ராணுவத்துக்கு வேண்டியதாயிற்று. பீச் ஷாலேவைக் கடலோரப் பாதுகாப்புத் தலைமையகமாக எடுத்துக்கொண்டார்கள்.

ஓவியர் அதே போரில் வேறு திசையில் போனார். லைஃப் பத்திரிகை போர்முனைக் காட்சிகளை வரைய ஓவியர்களை அனுப்பிக்கொண்டிருந்தது, லபோவும் கிளம்பினார். இந்தியா வழியாகச் சீனாவுக்குப் போகும் பயணம். பர்மா சாலையை ஜப்பான் அடைத்துவிட்டதால் சீனாவுக்கு எல்லாமே அசாமிலிருந்து இமயமலையைத் தாண்டி விமானத்தில் போய்க்கொண்டிருந்த காலம் அது. விமானங்கள் விழுவது வாடிக்கை. 1943 டிசம்பரில் லபோ போன விமானம் அசாமில் விழுந்தது. சீனாவை அவர் பார்க்கவே இல்லை. வெயில் காயும் கடற்கரைக் கூட்டத்தை அவ்வளவு நிதானமாக வரைந்த மனிதரின் கதை நம் நாட்டு மண்ணில் முடிந்தது என்று தெரிந்தபின் அந்தச் சுவரைப் பழையபடி பார்க்க முடியவில்லை.

போர் முடிந்து ராணுவம் கிளம்பியதும் நகரத்துக்குக் கட்டடத்தை என்ன செய்வதென்று புரியவில்லை. குளிக்க வருபவர்கள் இல்லை. 1947இல் முன்னாள் படைவீரர் சங்கம் ஒன்றுக்கு வாடகைக்குக் கொடுத்தார்கள். மாதம் 50 டாலர். அவர்கள் அங்கே கூட்டம் நடத்தினார்கள், ஒரு பாரும் நடத்தினார்கள். மதுவிலக்கில் திறந்த கட்டடம் இப்போது குடிக்கிற இடமாகவே அறியப்பட்டது. பின்னாட்களில் கொஞ்சம் முரட்டுத்தனமான பார் என்ற பெயரும் வந்தது. கடலுப்பு ஒரு பக்கம், கவனிப்பு இல்லாதது இன்னொரு பக்கம் என்று சுவர்கள் மங்கின.

ஆனாலும் அந்த 50 டாலரைக் கேவலமாகப் பேச எனக்கு மனம் வரவில்லை. ஆள் இல்லாத கட்டடம் எவ்வளவு வேகமாகக் கெடும் என்பது பூட்டிக்கிடக்கும் கிராமத்து வீட்டை ஒருமுறை திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். ஓடு நகர்ந்தால் யாராவது பார்க்க வேண்டும், குழாய் ஒழுகினால் யாராவது திட்ட வேண்டும். முப்பது வருடத்துக்கு மேல் அந்தப் பழைய சிப்பாய்கள் விளக்கைப் போட்டு அணைத்துக்கொண்டிருந்தார்கள். கலை ரசனையோடு செய்யவில்லைதான், ஆனால் இருந்தார்கள்.

1981இல் தேசிய வரலாற்றுச் சின்னங்களின் பட்டியலில் கட்டடம் இடம்பிடித்தது. கௌரவம் வந்த அதே சமயத்தில் கதவும் மூடியது. சுற்றிலும் வேலி போட்டுவிட்டார்கள். பதினைந்து வருடம் அப்படியே கிடந்தது. பட்டியலில் சேர்ப்பதற்குக் கையெழுத்துப் போதும், கூரையைச் சரிசெய்யக் காசு வேண்டும். அது அடுத்த வேலை, அதற்கு ஆள் கிடைப்பதுதான் கஷ்டம். இடையில் ஓவியங்களைச் சுத்தம் செய்து மீட்கும் பணி நடந்தது. 1996 கடைசியில் கதவு மறுபடி திறந்தபோது கீழே தகவல் மையம், மேலே சொந்தமாகப் பியர் காய்ச்சும் உணவகம். பின்னர் கட்டடத்தின் பின்புறத்திலும், கடலுக்கு முதுகைக் காட்டித் தோட்டத்தைப் பார்த்தபடி, இன்னொரு சாப்பாட்டு இடம் சேர்ந்தது. கடற்காற்று தாங்காதவர்கள் அங்கே ஒதுங்கினார்கள்.

இந்த ஏற்பாட்டின் கணக்கு எளிது. கட்டடம் நகரத்துடையது, மேலே நடத்துகிறவர் குத்தகைதாரர். மேலே சாப்பாட்டுக்குத்தான் காசு, கீழே சுவரை யார் வேண்டுமானாலும் காசு கொடுக்காமல் பார்க்கலாம். மாடிக்குப் போகிறவர்கள் ஜன்னல் ஓரத்து மேசைக்காகக் காத்திருக்கும் நேரத்தில் கீழே கூடத்தைச் சுற்றி வருவார்கள். ஓவியத்துக்கென்று தனியாக டிக்கெட் வாங்கி அத்தனை பேர் வந்திருப்பார்களா என்பது சந்தேகம். அதே சமயம் இந்த மாதிரி உணவகத்துக்குச் சுலபமான பிழைப்பும் இல்லை. வெயில் அடிக்கிற சனிக்கிழமை இடம் கிடைக்காது. பனி மூடிய செவ்வாய்க்கிழமை பரிமாறுகிறவர்கள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான், ஜன்னலுக்கு வெளியே கடலும் தெரியாது.

பொதுச்சொத்து என்றால் எல்லோருக்கும் கருத்து இருக்கும் என்பதும் இங்கே நடந்தது. கட்டடத்துக்குப் பின்னால் இருக்கும் கால்பந்து மைதானங்களில் புல்லுக்குப் பதில் செயற்கைத் தரையும் இரவு விளக்குகளும் போடலாமா என்று வருடக்கணக்கில் சண்டை. 2014 நவம்பரில் ஊரே ஓட்டுப் போட்டு முடிவு செய்ய வேண்டியிருந்தது, செயற்கைத் தரை ஜெயித்தது. பத்து வருடம் கழித்து, 2024இல், கொஞ்சம் தெற்கே கடலை ஒட்டிப் போகும் கிரேட் ஹைவேயின் ஒரு பகுதியைக் கார்களுக்கு மூடிவிடலாமா என்று இன்னொரு ஓட்டு. மூடிவிட்டார்கள். மணல் வந்து மூடுவதும் அலை வந்து அரிப்பதுமாக இருந்த அந்தச் சாலை 2025 ஏப்ரலில் சன்செட் டியூன்ஸ் என்ற பூங்காவாகத் திறந்தது.

கீழ்த்தளத்தில் இன்றும் அதிகம் தேடப்படுவது மெக்லாரனும் இல்லை, ஜாக் ஸ்பிரிங்கும் இல்லை. கழிப்பறை. கடற்கரையிலிருந்து காலெல்லாம் மணலோடு, ஈரத் துண்டைப் போர்த்திக்கொண்டு, நடுங்கும் குழந்தையை இழுத்துக்கொண்டு யாராவது அவசரமாக உள்ளே வருவார்கள். குழந்தைக்குத் துணி மாற்ற வேண்டும்.